வினையூக்கு

சுயம்புக்கனி, வேதிவினைகளின் வேகத்தைப் பற்றிய வேகவியல் தாளில் மூன்றாவது முறையாகத் தோற்றுப்போன செய்தி வந்த காலையில், அவள் பல்கலைக்கழக விடுதியின் சமையற்கூடத்தில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, அப்போதுதான் அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து மறுநாளைக்கென்று வைத்திருந்த தோசை மாவு பத்தே நிமிடத்தில் பொங்கி, அண்டாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்தது.

சமையற்கூடத்தைப் பதினாறு வருடமாக ஆண்டுகொண்டிருந்த செல்லத்தங்கம் இதற்காக ஆச்சரியப்படவில்லை. "ஏட்டி, மாவு வழியுது, பாத்துக்கிட்டே இருக்கியே, அழுதா கண்ணு தெரியாதா?" என்று ஏசினாள். பிறகு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, புளிப்புப் பதம் சரியாக இருக்கிறது என்று கண்டதும், மறுநாள் தோசையை அன்றைக்கே சுட ஆரம்பித்துவிட்டாள். நானூறு பிள்ளைகள் மத்தியானம் சோற்றுக்குப் பதிலாகத் தோசை தின்றார்கள். சட்னி கெட்டியாக இருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊரான சங்குமுனை, தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மற்ற மூன்று பக்கமும் உப்பளமுமாக இருக்கிற ஊர். அங்கே எந்தக் காரியமும் உரிய நேரத்தில் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. எட்டு மணி பஸ் ஒன்பதரைக்கு வரும், அதை எட்டு மணி பஸ் என்றே எல்லாரும் சொல்லுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு முகப்பு வளைவு கட்ட ஆரம்பித்து ஒரே ஒரு தூண் எழும்புவதற்குள் மூன்று துணைவேந்தர்கள் வந்து போய்விட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் காரியங்கள் விறுவிறுவென்று முடிகின்றன என்று தெரிந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. இவ்வளவு நாள் இவள் எங்கே போயிருந்தாள் என்றுதான் சடைத்துக்கொண்டார்கள்.

முதல் வாரத்தில், அவள் ஒரு சான்றிதழுக்காக அலுவலகத்தில் கால்மணி நேரம் நின்றதில், ஏழு வருடமாக மேசை மேசையாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஆய்வக உதவியாளரின் ஓய்வூதியக் கோப்பு எழுந்து, கையெழுத்தாகி, முத்திரை வாங்கி, உறைக்குள் போய் ஒட்டிக்கொண்டது; நூலகத்தில் அவள் உட்கார்ந்த மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதினொரு வருடமாகப் பேசாமலிருந்த தாவரவியல் பேராசிரியரும் விலங்கியல் பேராசிரியரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்து, ஏசி, பழைய கதையெல்லாம் கிளறி, அழுது, ஒரே குடையில் டீக்கடைக்குப் போனார்கள்; அதே டீக்கடையில் தொங்கிய வாழைத்தார், அவள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காயிலிருந்து பழமாகி, பழத்திலிருந்து கறுக்கத் தொடங்கியதும், கடைக்காரர் கும்பிட்டு அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். உப்பளக்காரர்கள்கூட அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாத்தி வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் வற்றி உப்புப் படிவது வேதிவினையே இல்லை, இதுகூடத் தெரியாமல் என்ன உப்பளம் நடத்துகிறீர்கள் என்று வேதியியல் துறைத் தலைவர் சிகாமணி சார் அவர்களைக் கடிந்துகொண்டார். கனி வெயிலில் கறுத்ததுதான் மிச்சம்.

சிகாமணி சார் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். ஒரு குடுவையில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிக் கனியின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். சும்மா கிடந்த திரவம் சோடா மாதிரி சீறிற்று. கனியை நான்கடி தள்ளி நிற்கச் சொன்னார், சீற்றம் அடங்கியது. பழையபடி பக்கத்தில் வரச் சொன்னார், மறுபடி சீறியது. நாள் முழுக்க அவளை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, ஸ்டாப்வாட்சும் கையுமாக ஒரு நோட்டு நிறையக் குறித்துக்கொண்டு, இரவு உணவுக்கு மெஸ்ஸில் வந்து உட்கார்ந்து, இட்லியைப் பிட்டபடி அறிவித்தார்: "சந்தேகமே இல்லை. இந்தப் பொண்ணு ஒரு வினையூக்கி."

சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்ற செல்லத்தங்கத்தின் காதில் அது 'வினை ஊக்கு' என்று விழுந்தது. அவள் திரும்பிக் கனியைப் பார்த்தாள். கனியின் துப்பட்டா தோளில் நழுவாமலிருக்க, எல்லாப் பெண்களும் குத்துவதுபோல, ஒரு ஊக்கு குத்தியிருந்தது. செல்லத்தங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அதான பாத்தேன்," என்றாள். "வினைய ஊக்கு போட்டுக் குத்தி வச்சிருக்கா பிள்ளை. பிறகு அது எங்க போவும்? சொன்ன வேலையச் செஞ்சுதான ஆவணும்?"

சிகாமணி சார் அது ஊக்கு இல்லை, ஊக்கி, 'கி', 'கி' என்று மூன்று முறை திருத்தினார். அதற்குள் சாம்பார் வாளி நாலு பந்தி தாண்டிப் போய்விட்டது, செய்தியும் கூடவே போய்விட்டது. மறுநாள் காலையில் கனி விடுதி வாசலுக்கு வந்தபோது, ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு ஊக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். தங்கள் காரியத்தை மனதில் நினைத்துக்கொண்டு ஊக்கை அவள் துப்பட்டாவில் குத்திவிட்டுப் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பது என்று அவர்களாகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டிருந்தார்கள். கனிக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அவள் தோளைக் காட்டினாள்.

பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. சுற்றறிக்கை ஒன்று வந்தது: திங்கள், வியாழன் மெஸ்ஸுக்கு, செவ்வாய் நிர்வாக அலுவலகத்துக்கு, புதன் நூலகத்துக்கு, வெள்ளி பொதுமக்களுக்கு, சனி பராமரிப்பு. கனியை யார் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை என்பதால் சனிக்கிழமைகளில் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள்.

எல்லாருக்கும் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் ஏறவேண்டிய பாடம் அரைமணியில் ஏறியது. "தேங்க்ஸ் கனி" என்று சொல்லி எழுந்து போனார்கள். அவள் மட்டும் புத்தகத்தின் அதே பக்கத்தில் அப்படியே இருந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு வரைபடம். திண்ம வினையூக்கியின் மேல் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட வினையின் வேகமும் கோடாக ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் தட்டையாகப் படுத்துவிடுகிறது. ஏன் படுக்கிறது? ஆள் கூடக் கூட வேலையும் கூடத்தானே வேண்டும்? மூன்று தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது, மூன்றிலும் அவள் கோட்டை ஏற்றிக்கொண்டே போய்த் தாளுக்கு வெளியே விட்டுவிட்டாள். ஒரு தாளை நான்கு முறைதான் எழுதலாம் என்பது சங்குமுனையின் விதி. நான்காவதிலும் தோற்றால் பட்டம் கிடையாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான ஆறுமுகநேரிக்குப் போகவேண்டியதுதான். இதில் கொடுமை என்னவென்றால், பள்ளிக்கூட நாளில், கொஞ்சம் இரும்பைப் பக்கத்தில் வைத்தால் காற்றிலிருக்கிற நைட்ரஜன் மனமிரங்கி அம்மோனியா ஆகிறது என்று படித்த அன்றைக்கே ஆசைப்பட்டு, இந்த ஒரு தாளைப் படிக்கத்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள்.

பாடநூலின் முதல் வரி அவளைக் குத்திக்கொண்டே இருந்தது: வினையூக்கி வினையின் முடிவில் மாறாமல் மீளக் கிடைக்கும். ஒருநாள் சிகாமணி சாரிடம் போய்க் கேட்டாள்.

"சார், அப்ப எனக்கு எதுவுமே நடக்காதா சார்?"

"அதுதானேம்மா இலக்கணம்," என்றார் சிகாமணி சார், வருத்தத்தோடுதான். "தான் மாறிட்டா அது வினையூக்கியே இல்லையே."

அன்று அவள் சமையற்கூடத்துக்குப் போகவில்லை. அழுதால் மாவு வீணாகும் என்று கழிப்பறையில் நின்று அழுதாள்.

இதற்கிடையில் ஊரில் ஒரு சலசலப்பு. பஸ் நிறுத்தத்தில் கனிக்கு வலப்பக்கம் நின்ற ஒரு பையனும் இடப்பக்கம் நின்ற ஒரு பெண்ணும் பார்த்து, சிரித்து, காதலித்து, கோபித்து, பஸ் வருவதற்குள் பிரிந்தும்விட்டார்கள். அந்தப் பெண் செல்லத்தங்கத்தின் அண்ணன் மகள். சேர்த்து வைக்கிற ஊக்கு பிரித்தும் வைக்கிறதே என்று நாலு பேர் பேச, சிகாமணி சார் அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கம் எழுதி ஒட்டினார்: வினையூக்கி முன்னோக்கு வினையையும் பின்னோக்கு வினையையும் ஒரே அளவில் விரைவுபடுத்தும், சமநிலையை மாற்றாது. ஒருவருக்கும் புரியவில்லை. செல்லத்தங்கம்தான் படித்துவிட்டுச் சொன்னாள்:

"அதாவது, போற ஊரு ஒண்ணுதான். கனி பக்கத்துல நின்னா பஸ்ஸுல போவோம், நிக்காட்டா நடந்து போவோம். வேற ஊருக்கு அவ கூட்டிட்டுப் போவ மாட்டா. எங்க அண்ணன் மவளுக்கும் அந்தப் பயலுக்கும் எப்படியும் சரிப்பட்டிருக்காது. ரெண்டு வருசம் மிச்சம்."

முப்பது வருடத்தில் எந்த மாணவரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை என்று சிகாமணி சார் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். செமஸ்டரின் மற்றத் தேர்வுகளில் அதுவும் நிரூபணமானது: கனி இருந்த அறையில் எல்லாரும் இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். படித்தவர்கள் எழுதி முடித்துவிட்டு எழுந்தார்கள், படிக்காதவர்கள் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது இருபதே நிமிடத்தில் தெளிவாகிவிட்டதால் எழுந்தார்கள். கனி மட்டும் மூன்று மணிநேரமும் எழுதினாள். இந்தக் கூத்தைப் பார்த்த தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி, அவளுடைய வேகவியல் தாளை மட்டும் தனியாக வாய்மொழித் தேர்வாக வைத்துக்கொள்ளலாம், வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார் என்று உத்தரவு போட்டார்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாவு பொங்குவது சுணங்கியது. பத்து நிமிடம் அரைமணி ஆனது, அரைமணி அரைநாள் ஆனது. அலுவலகத்தில் கோப்புகள் மறுபடி கொட்டாவி விட்டன. ஊக்குகள் பெருகியிருந்தன. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து குத்தியவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து எடுக்கவில்லை. துப்பட்டாவில் துணி தெரியாமல், நடந்தால் சலங்கை கட்டியவள் வருவதுபோலச் சத்தம் கேட்டது. தோள் வலித்தது. வேலை சுணங்கியதும் ஊர் என்ன செய்யும்? இன்னும் அதிகமாக வந்தது. வரிசை விடுதி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நீண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கனி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். போன வாரம் நூறு பேர் வந்தார்கள், நாற்பது பேர் காரியம் முடிந்து போனார்கள். இந்த வாரம் ஐந்நூறு பேர் நிற்கிறார்கள், இன்றைக்கும் நாற்பதுதான். இன்னும் ஆயிரம் பேர் வந்தாலும் நாற்பதுதான். ஊக்கு குத்த இடம் இருந்தால்தானே! ஆரம்பத்தில் பத்துப் பேர் வந்தால் பத்து, இருபது பேர் வந்தால் இருபது என்று ஏறிக்கொண்டே போனது. இப்போது...

"படுத்துட்டு!" என்று கனி எழுந்து நின்று கத்தினாள். "யக்கா, கோடு படுத்துட்டுக்கா!"

"யாருட்டி படுத்தா?" என்று செல்லத்தங்கம் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இடம் இல்லக்கா! எல்லா இடத்துலயும் ஆள் இருக்கு. வெளிய எத்தன பேரு நின்னா என்ன? உக்காந்தவன் எந்திரிச்சாத்தான அடுத்தவன் உக்கார முடியும்!" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று முறை புத்தகத்துக்கு வெளியே நின்று பார்த்தபோது முறைத்துக்கொண்டிருந்த வரைபடத்துக்குள் அவளே நின்றுகொண்டிருந்தாள், அது அவள் ஊர்த் தெருவைப்போல எல்லாப் பக்கமும் தெரிந்தது.

அதற்குமேல் செல்லத்தங்கத்துக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நானூறு பேருக்குப் பந்தி போட்டு எழுப்பியவள் அவள். ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, "காரியம் முடிஞ்சவங்கல்லாம் அவங்கவங்க ஊக்க எடுத்துட்டுப் போங்க! சாப்பிட்டு முடிச்சா இலைய எடுக்கணும்லா? இங்கயே குடியிருக்கவா வந்திய?" என்று குரல் கொடுத்தாள். அசடு வழிந்துகொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். வீடு கட்டி முடித்தவர்கள் எடுத்தார்கள். மகன் சமாதானமாகித் திரும்பி வந்த தாய் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து குத்தியிருந்த ஒன்றைச் சேர்ந்தே வந்து எடுத்தார்கள். மதியத்துக்குள் துணி தெரிந்தது, தோளின் பாரம் குறைந்தது, சமையற்கூடத்தில் மாவு மூடியைத் தள்ளியது.

கடைசியில் ஒரே ஒரு ஊக்கு மட்டும், பெரியது, துருவேறி, ஓரத்தில் மிஞ்சியது. யாருடையது என்று செல்லத்தங்கம் மூன்று தடவை கூப்பிட்டாள். கூட்டத்தின் பின்னாலிருந்து சிகாமணி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார்.

"என் ஆய்வுக் கட்டுரை," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒன்பது வருஷமா ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிக்கிட்டு இருக்கேன். இதோ வந்துரும், இதோ வந்துரும்னு..."

அது வராது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. நடக்கப்போகிற காரியம் நடந்துவிட்டு எழுந்து போய்விடும், நடக்காத காரியம்தான் இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கனி மெதுவாக இழுத்தாள். ஊக்கு துணியோடு ஒட்டியிருந்தது, வரும்போது கட்டைவிரல் அகலத்துக்குத் துப்பட்டாவைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"பரவால்ல சார்," என்றாள் கனி. அவர் அதை வாங்கி, துணி கிழிந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அவளுக்கு அவர்மேல் முதல்முறையாகப் பிரியம் வந்தது.

தேர்வாளர் பேராசிரியர் ஆவுடைநாயகி ஒரு புதன்கிழமை காலை வந்து இறங்கினார். ஒரு மதிப்பெண்ணைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று மூன்று நாள் யோசிப்பவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் முன்னால் பல்கலைக்கழகம் கொடுத்த விடைக்குறிப்புத் தாள் இருந்தது. எழுதியவர் சிகாமணி சார். அவரே பக்கத்து நாற்காலியில் உள்தேர்வாளராக உட்கார்ந்திருந்தார். கனி எதிரே உட்கார்ந்தாள். தன் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த அம்மாவின் முடிவு சீக்கிரம் வந்துவிடும், ஆனால் என்ன முடிவு என்பதை அவளால் ஒரு நூல் அளவும் அசைக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வரைபடத்தைப் போடச் சொன்னார். கனி போட்டாள். கோடு ஏறியது, சாய்ந்தது, படுத்தது. ஏன் என்று கேட்பதற்குள் ஏன் என்று சொன்னாள். ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற மேற்பரப்பிலும் வேலை நடக்காது, பிடிக்கவே பிடிக்காத மேற்பரப்பிலும் நடக்காது, பிடிக்கவும் வேண்டும் விடவும் வேண்டும் என்று சொன்னாள். பின்னோக்கு வினையைக் கேட்டார், சமநிலையைக் கேட்டார், வினையூக்கி நஞ்சு எது என்று கேட்டார். வேலையும் செய்யாமல் இடத்தையும் விடாதது என்று சொல்லும்போது கனி சிகாமணி சார் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள். ஆவுடைநாயகியின் பேனா டிக் போட்டுக்கொண்டே வந்தது.

"கடைசியா ஒண்ணு. இது சுலபம்தான்," என்றார். "வினையூக்கிக்கு வரையறை சொல்லும்மா."

சிகாமணி சார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கனி வாயைத் திறந்தாள். அந்த வரி நாக்கு நுனியில் இருந்தது, சொன்னால் முடிந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

"வினையின் முடிவில் மாறாமல் மீளக் கிடைக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு மேடம். அது சரியில்ல."

சிகாமணி சார் நிமிர்ந்தார். "கனி, யோசிச்சுப் பேசும்மா. நாலாவது தடவை..."

"யோசிச்சுட்டேன் சார்." அவள் தேர்வாளர் பக்கம் திரும்பினாள். "முதல்லயும் கடைசிலயும் எடை போட்டுப் பாத்தவங்க அப்படி எழுதிட்டாங்க மேடம். எடை மாறாதுதான். நடுவுல என்ன ஆச்சுன்னு யாரும் பாக்கல. ஒவ்வொருத்தரும் வந்து உக்காரும்போது அது பிடிக்குது, போகும்போது விடுது. ஆயிரம் தடவை பிடிச்சு விட்டா மேற்பரப்பு அப்படியேவா இருக்கும்? அங்கங்க தேயும், அங்கங்க புதுசா விளிம்பு முளைக்கும், சில இடம் கிழியும். கட்டியா போட்டது பொடியா வரும். அதுக்கு எதுவும் நடக்கலன்னு சொல்றது, வேலை வாங்கிட்டுப் போனவங்க சொல்றது மேடம். அதுகிட்ட யாரும் கேட்கல."

ஆவுடைநாயகி விடைக்குறிப்பைப் பார்த்தார். 'மாறாது' என்று அதில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. குறிப்பின்படி இந்த விடைக்கு மதிப்பெண் இல்லை. அவர் கனியைப் பார்த்தார். மூன்று நாள் எடுத்திருக்க வேண்டிய யோசனை அவர் முகத்தில் ஒரு மூச்சு நேரத்துக்குள் ஓடி முடிந்தது. பேனாவை எடுத்து, மதிப்பெண் தாளை நகர்த்திவிட்டு, விடைக்குறிப்பில் இருந்த அந்தச் சொல்லை நேர்க்கோடாக அடித்தார்.

"சார், இதைத் திருத்திடலாமா?" என்று கேட்டார்.

சிகாமணி சார் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கண்களைத் துடைத்தார். "திருத்திடலாம் மேடம்," என்றார். "நானே கையெழுத்துப் போடுறேன்."

கனி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது எட்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. செல்லத்தங்கம் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னட்டி, அதுக்குள்ளயா?" என்றாள். "அந்த அம்மாவுக்கு என்ன காரியம் முடிஞ்சுது?"

"அவங்களுக்கு இல்லக்கா."

"பிறகு யாருக்கு? சிகாமணி சாருக்கா? பத்திரிகைக்காரன் எழுதிட்டானா?"

"இல்லக்கா," என்றாள் கனி. "எனக்கு."

கனி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். இருந்தும் செல்லத்தங்கத்துக்கு அந்தச் சொல் விளங்க வெகுநேரம் பிடித்தது.